ஒற்றும் சட்டமும்

(தேவிபட்டினத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ‘போருக்குப் பின் ஓர் உளவு அமைப்பு’. தில்லியில் பேச வேண்டியதை நவபாஷாணக் கரையில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் குடியிருப்பது எல்லையில். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. காவல்துறையின் உளவு அணியான கியூ பிரிவு என்றால் என்னவென்று இந்த மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உளவு தவறினால் அதன் விலையை முதலில் கொடுப்பது யார்? எல்லையில் வாழ்கிறவர்கள். அப்படியானால் இதைப் பற்றிப் பேச உங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அதன் முதல் குறளில் அவர் அரசனுக்கு இரண்டு கண்களைச் சொல்கிறார். ஒரு கண், ஒற்று. இன்னொரு கண்? படை என்று சொல்லியிருக்கலாம், பொருள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதோ நூல். புகழ் பெற்ற நீதி நூல் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். ஒற்றையும் நீதியையும் ஒரே குறளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். விடுதலைக்குப் பிறகு பெரிய போர்கள் பலவற்றுக்குப் பின்னால் நம் அரசு ஒரு புதிய உளவு அமைப்பைத் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஆள் கொடுத்தது, பணம் கொடுத்தது, கருவி கொடுத்தது. ஆனால் உன் அதிகாரம் இவ்வளவு, உன் வரம்பு இதுவரை, நீ பதில் சொல்ல வேண்டியது இவரிடம் என்று எழுதிய ஒரு சட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம். மறு கண்ணைத் திறக்காதவரை எத்தனை அமைப்பு தொடங்கினாலும் பழைய தவறே புதிய பெயரில் திரும்ப வரும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாக வைத்தே சொல்கிறேன்.

1962-இலிருந்து தொடங்குவோம். அன்றைக்கு உள்நாட்டு உளவு, வெளிநாட்டு உளவு இரண்டையும் பார்த்தது ஒரே துறை: வெள்ளையர் காலத்தில் 1887-இல் தோன்றிய இன்டெலிஜென்ஸ் பியூரோ, சுருக்கமாக ஐ.பி. அதன் இயக்குநர் பி.என். முல்லிக். அக்டோபர் 20 அன்று சீனப்படை இமயத்தின் இரு முனைகளிலும் இறங்கியபோது நாடே அதிர்ந்தது. தகவலே வரவில்லையா? வந்தது. எல்லைக்கு அப்பால் சாலை போடுவதும் படை சேர்வதும் பற்றிய செய்திகள் தில்லிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் சீனா பெரிய அளவில் தாக்காது என்று மேலே இருந்தவர்கள் முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். வந்த செய்தியையெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்றபடி படித்தார்கள். தோல்விக்குப் பின் என்ன செய்தோம்? அமெரிக்க உதவியோடு வானிலிருந்து படம் எடுக்கும் ஏவியேஷன் ரிசர்ச் சென்டர் வந்தது. எல்லைக் கிராமங்களில் மக்களோடு மக்களாகப் பழகி அவர்களைத் தயார்ப்படுத்த 1963-இல் எஸ்.எஸ்.பி. என்ற அமைப்பு வந்தது. நல்ல காரியங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் தோல்வி பற்றி ராணுவம் நடத்திய விசாரணையின் ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. அமைப்பு பிறந்தது, அது ஏன் பிறந்தது என்ற பாடம் அலமாரிக்குள் போனது.

மூன்றே ஆண்டுகளில் 1965 போர் வந்தது. பாகிஸ்தானின் கவசப்படை வலிமையை நம் உளவு சரியாகக் கணிக்கவில்லை என்ற குறை எழுந்தது. இரண்டு போர்களின் வலியும் சேர்ந்துதான் 1968 செப்டம்பர் 21 அன்று இந்திரா காந்தி வெளிநாட்டு உளவைத் தனியே பிரித்தார். அதுதான் ரா. முதல் தலைவர் ஆர்.என். காவ். ஐ.பி.யிலிருந்து ஏறத்தாழ 250 பேரை எடுத்துக்கொண்டு தொடங்கிய சிறிய அமைப்பு அது. அமைச்சரவைச் செயலகத்தின் கீழ், பிரதமரின் நேரடிப் பார்வையில் இயங்கியது. மூன்றே ஆண்டில் 1971 வந்தது. கிழக்கு வங்கத்தின் விடுதலைப் படையான முக்தி வாஹினிக்குத் துணை நின்றதிலும், போருக்கு முன்பே களத்தை அறிந்து வைத்திருந்ததிலும் அந்த அமைப்பு தன் பெயரை நிலைநாட்டியது. காவின் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அமைப்பு பிறந்தது ஓர் அரசாணையால். நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, சட்டம் இல்லை. வெற்றி வந்துவிட்டதால் யாரும் கேட்கவும் இல்லை. தோற்றபோது கேட்க மனமில்லை. வென்றபோது கேட்கத் தேவையில்லை. பிறகு எப்போதுதான் கேட்பது?

அதன் விலை 1977-இல் தெரிந்தது. நெருக்கடி நிலை முடிந்து ஜனதா ஆட்சி வந்தது. உளவுத்துறைகள் அரசியல் எதிரிகள்மீது ஏவப்பட்டன என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் ஒலித்தது. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரிக்க ஷா ஆணையம் அமைந்தது. உளவுத்துறை தவறாகப் பயன்பட்டதைத் தனியே ஆராய எல்.பி. சிங் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. ரா இந்திராவின் கருவி என்று புதிய பிரதமர் மொரார்ஜி தேசாய் ஐயப்பட்டார். காவ் போனார், அவருக்குப் பின் வந்த சங்கரன் நாயர் சில மாதங்களில் விலகினார், அமைப்பின் ஆளும் பணமும் வெட்டப்பட்டன. மொரார்ஜி செய்தது சரியா தவறா என்பதல்ல இன்றைய வழக்கு. ஒரு பிரதமர் உயர்த்தினால் உயர்ந்து, இன்னொரு பிரதமர் சாய்த்தால் சாயும் அமைப்பு, நாட்டின் அமைப்பா, ஆளின் அமைப்பா? சட்டம் என்றவுடன் உளவுத்துறையின் கையைக் கட்டுவது என்றே பலர் நினைக்கிறார்கள். சட்டம் இருந்திருந்தால் 1975-இல் ‘இது என் வேலை இல்லை’ என்று ஓர் அதிகாரி மறுத்திருக்கலாம். சட்டம் இருந்திருந்தால் 1977-இல் ஆட்சி மாறியதற்காக ஒரு நல்ல அமைப்பு அடி வாங்கியிருக்காது. அது குடிமகனுக்கும் காவல், ஒற்றனுக்கும் காவல்.

இனி நம் கடலுக்கு வருவோம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் படகு படகாக இந்தக் கரைக்கு வந்ததும், போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சி கிடைத்ததும் நீங்கள் அறிந்த கதை. ஜெயின் ஆணைய அறிக்கையிலும் அது பதிவாகியிருக்கிறது. அந்த முடிவை நாடாளுமன்றம் அறிந்ததா? இல்லை. தமிழக சட்டமன்றம் விவாதித்ததா? இல்லை. அதன் பின்விளைவைச் சுமந்தது மட்டும் இந்தக் கரை. 1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் போர் மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்க இரவில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். எதிரி அங்கே ஆயத்தமாகக் காத்திருந்தான். இறங்கிய சீக்கிய வீரர் அணி ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் நாம். எதிரே நிற்பவனின் பலம் நமக்குத் தெரியாதா? ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது, களத்தில் இறங்கிய வீரனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தோம். அந்தக் கொள்கைக்கும் அந்தக் கணிப்புக்கும் பொறுப்பு யார் என்று எந்த மன்றமும் முறையாகக் கேட்கவில்லை.

கேட்ட ஒரே தருணம் கார்கில். 1999 மே மாதத் தொடக்கத்தில் பட்டாலிக் மலையில் காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடிப் போன ஓர் இடையர்தான் ஊடுருவியவர்களை முதலில் கண்டு ராணுவத்திடம் சொன்னார். இத்தனை அமைப்புகள் இருந்தும் முதல் செய்தி ஓர் இடையரிடமிருந்து வந்தது! போர் முடிந்த கையோடு, ஜூலை 29 அன்று, வாஜ்பாய் அரசு ஒரு மறுஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் திருச்சியில் பிறந்த நம் தமிழர் கே. சுப்ரமணியம். கூட்டு உளவுக் குழுவின் தலைவராக முன்பு இருந்தவர். உளவின் உள்ளும் புறமும் அறிந்தவர். அவர் குழு கண்டு சொன்ன ஒரு செய்தியை நீங்கள் மறக்கவே கூடாது. 1998 ஜூன் மாதமே ஐ.பி. எல்லைக்கு அப்பால் நடப்பவை பற்றி ஓர் எச்சரிக்கை எழுதியது. கடிதம் யாருக்குப் போனது? பிரதமருக்குப் போனது, உள்துறை அமைச்சருக்குப் போனது, ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநருக்கும் போனது. யாருக்குப் போகவில்லை? ரா தலைவருக்குப் போகவில்லை. கூட்டு உளவுக் குழுத் தலைவருக்குப் போகவில்லை. ராணுவ உளவுத் தலைவருக்குப் போகவில்லை. அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டிய மூவரின் பெயரும் கடித உறையில் இல்லை! 527 வீரர்களை இழந்த போருக்குப் பின்னால் விடுபட்ட மூன்று முகவரிகள்.

அந்த அறிக்கையை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். சில பகுதிகளை மறைத்தே வைத்தார்கள், ஆனாலும் வைத்தார்கள். ஒரு போரின் உளவுத் தவறுகளை இந்தியக் குடிமகன் அரசின் வாயிலாகவே விரிவாக அறிந்தான். வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. அதன்பின் அமைச்சர்கள் குழு அமைந்தது. உளவு பற்றி ஆராய்ந்த பணிக்குழுவுக்கு ராவின் முன்னாள் தலைவர் கிரிஷ் சந்திர சக்சேனா தலைமை தாங்கினார். அதன் பயனாக 2002-இல் முப்படைகளுக்கும் பொதுவான உளவு அமைப்பான டி.ஐ.ஏ. வந்தது, 2004-இல் தொழில்நுட்ப உளவுக்காக என்.டி.ஆர்.ஓ. வந்தது. ஆனால் இடையர் கற்றுக்கொடுத்த பாடம்? மக்களோடு பழகுவதற்காக 1963-இல் தோன்றிய எஸ்.எஸ்.பி.யை, கார்கிலுக்குப் பின் நேபாள எல்லையைக் காக்கும் சீருடைப் படையாக மாற்றினோம். செய்தி சொன்னது மக்கள்; பலப்படுத்தியதோ கருவிகளை! புதிய அமைப்புகளுக்கும் பழைய கதைதான்: ஆணை உண்டு, சட்டம் இல்லை. உளவுத்துறை பற்றிச் சட்டமே கிடையாது என்று நான் சொன்னால் பொய்யாகிவிடும். 1985-இல் ஒன்று இயற்றினார்கள். எதற்கு? உளவுத்துறை ஊழியர்கள் சங்கம் வைக்காமல் தடுப்பதற்கு! 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோதும் இந்த அமைப்புகளை ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் நீங்கலாக அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஊழியனைக் கட்டச் சட்டம் உண்டு, கேட்பவனைத் தடுக்கச் சட்டம் உண்டு. அமைப்பு பதில் சொல்லச் சட்டம் இல்லை.

கார்கிலுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2008 நவம்பர் 26, மும்பை. போர்பந்தர் மீன்பிடிப் படகு ‘குபேர்’ நடுக்கடலில் கடத்தப்பட்டது. அந்தத் தாக்குதலில் முதலில் உயிர் விட்டவர்கள் யார் தெரியுமா? அந்தப் படகின் மீனவர்கள். பயங்கரவாதிகள் பத்துப் பேர் ரப்பர் படகில் கரையிறங்கிய இடம் கொலாபாவின் மீனவர் குப்பம். அவர்களைக் கண்டு ‘யார் நீங்கள்’ என்று முதலில் கேட்டவர்களும் மீனவர்கள். கடல் வழியாக ஆபத்து வரலாம் என்ற எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தன. அவை துறைக்குத் துறை கிடந்தன. 166 உயிர்கள் போயின. இனி பாக் நீரிணைக்கு அக்கரையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து கொழும்புக்கு எச்சரிக்கை போனது. இலங்கை உளவுத்துறையின் கையில் அது இருந்தது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பகை. பாதுகாப்பு சபைக் கூட்டத்துக்கே பிரதமர் அழைக்கப்படாத நிலை. போருக்காக வளர்த்த பெரிய உளவு இயந்திரம் பதினேழு நாட்கள் கையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் அங்கே ஒன்று நடந்தது. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. உளவுத்துறையின் முன்னாள் தலைவரும் இழப்பீடு தர வேண்டும் என்றது. தகவலைக் கையில் வைத்திருந்து செயல்படாமலிருப்பது மக்களின் அடிப்படை உரிமையை மீறுவது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டில் அப்படிக் கேட்க எந்த மன்றம் இருக்கிறது?

இதற்கு எழும் மறுப்புகளை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை. முதல் மறுப்பு: ‘உளவு என்றாலே இரகசியம், அதை நாடாளுமன்றத்தில் பேசினால் எதிரிக்குத்தானே லாபம்?’ ஒற்றன் பெயரையோ நடக்கும் நடவடிக்கையையோ யாரும் மேடையில் கேட்கவில்லை. பிரிட்டனின் எம்.ஐ.5 1909-இல் தொடங்கி எண்பது ஆண்டுகள் சட்டமில்லாமல்தான் இயங்கியது. 1989-இல் அதற்குச் சட்டம் வந்தது. 1994-இல் மற்ற அமைப்புகளுக்கும் சட்டம் வந்தது. மூடிய கதவுக்குள் கேள்வி கேட்கும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவும் வந்தது. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் பிறந்ததே ஒரு சட்டத்தால்தான். அதன் அத்துமீறல்களை 1975-இல் செனட் குழு தோண்டி எடுத்தது. அந்த நாடுகளின் உளவு இதனால் படுத்துவிட்டதா? இரண்டாவது மறுப்பு: ‘சட்டம் வந்தால் கோப்பு பெருகும், வேகம் குறையும்.’ 1998-இல் சட்டம் இல்லையே, வேகம் இருந்ததா? மூன்று பேருக்குக் கடிதம் போகாததற்குக் காரணம் சட்டமா? ‘இன்னாருக்கு இத்தனை மணி நேரத்துக்குள் சேர வேண்டும், சேர்ந்தவர் பதில் எழுத வேண்டும்’ என்று விதி எழுதினால் வேகம் கூடுமா குறையுமா? மூன்றாவது, இருப்பதிலேயே வலுவானது: ‘உளவின் தோல்விதான் வெளியே தெரியும், வெற்றி தெரியாது, தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.’ உண்மை. தடுக்கப்பட்ட தாக்குதலுக்கு யாரும் நினைவுத் தூண் எழுப்புவதில்லை. ஆனால் வெற்றியைக் காது கொடுத்துக் கேட்டு, பதிவு செய்து, பாராட்ட ஒரு மன்றம் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம் அல்லவா? நாடாளுமன்ற உறுப்பினர் மனீஷ் திவாரி 2011-இல் இதற்கென ஒரு தனிநபர் மசோதாவே கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை.

சரி, சட்டம் தில்லியில் வரட்டும். தேவிபட்டினத்துக்கு அதில் என்ன? இருக்கிறது. தமிழகத்தில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-இலேயே வந்தது. மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் 2005-இல் வந்தது. மும்பைக்குப் பின் அது விரிந்தது. உங்கள் படகுக்குப் பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னார்கள், அடித்தீர்கள். கைரேகை பதிந்த அடையாள அட்டை வைத்திருக்கச் சொன்னார்கள், வைத்திருக்கிறீர்கள். சந்தேகப் படகைக் கண்டால் 1093-க்குச் சொல்லுங்கள் என்றார்கள். ‘சாகர் கவச்’ ஒத்திகை நடக்கும்போது மாறுவேடத்தில் வரும் போலீஸ்காரரைப் பிடிக்கவும் உதவுகிறீர்கள். இவ்வளவும் ஒரு திசையில்தான் ஓடுகிறது, கவனித்தீர்களா? கரையிலிருந்து மேலே. மேலிருந்து கரைக்கு என்ன வருகிறது? கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள், கஞ்சா, தங்கம் என்று இந்தக் கடலில் நடக்கும் கடத்தலில் எதையோ பார்த்துவிட்டு ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். மரைன் போலீஸ் ஒரு தடவை கேட்கும், கியூ பிரிவு ஒரு தடவை கேட்கும், சுங்கத்துறை ஒரு தடவை கேட்கும். தொழிலுக்குப் போகும் நாள் கெடும். சொன்னவனையே முதலில் சந்தேகிப்பார்கள் என்ற அச்சம் ஒரு கரையில் பரவிவிட்டால், ஆயிரம் கோடி ரூபாய் ராடாரும் அந்த இடத்தை நிரப்பாது. பட்டாலிக்கில் பேசிய இடையர் பேசாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தகவல் கொடுப்பவரைக் காப்பது, அவர் பெயரை வெளியிடாமலிருப்பது, அவருக்கு ஒரே ஓர் அலுவலகம் பதில் சொல்வது ஆகியவை அதிகாரியின் நல்ல மனத்தைப் பொறுத்த சலுகைகளாக இருக்கக் கூடாது. சட்டத்தில் எழுதிய கடமைகளாக இருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, ஒவ்வோர் உளவு அமைப்புக்கும் அதன் வேலையையும் வரம்பையும் சொல்லும் சட்டம். இரண்டு, மூடிய கதவுக்குள் கூடினாலும் கேள்வி கேட்கும் உரிமையும், ஆண்டுக்கு ஒரு தடவை நாட்டுக்கு அறிக்கை தரும் கடமையும் உள்ள நாடாளுமன்றக் குழு. அதில் எதிர்க்கட்சிக்கும் இடம். மூன்று, எச்சரிக்கை யாருக்குச் சேர வேண்டும், எப்போது சேர வேண்டும், சேர்ந்தும் சும்மா இருந்தவர் யார் என்று பின்னர் தேடினால் கிடைக்கும் எழுத்துப் பதிவு. இந்த மூன்றுக்கும் புதிய கட்டடம் வேண்டாம், புதிய செயற்கைக்கோள் வேண்டாம். அரசியல் துணிவு மட்டும் போதும். அந்தத் துணிவு தானாக வராது; கேட்டால்தான் வரும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு இந்தக் கரைக்கு வருகிறவர்களிடம் தூண்டில் வளைவு கேளுங்கள், டீசல் மானியம் கேளுங்கள், சிறைப்பட்ட மீனவரை மீட்கக் கேளுங்கள். அதே மூச்சில் இதையும் கேளுங்கள்: ‘உளவுத்துறைக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவீர்களா, மாட்டீர்களா?’ பேசுவேன் என்பவரின் பெயரைக் குறித்து வையுங்கள். பேசினாரா என்று ஓராண்டு கழித்து அவர் வீட்டு வாசலில் போய்க் கேளுங்கள்.